யோகண்ணையின் சல்சாவுக்கு யார் உப்புப் போடுவது?

செய்தி வந்தபோது நான் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் எங்கள் கிச்சினில், தட்டுத் தட்டாகப் பட்டர் வைத்துக்கொண்டிருந்தேன். சுவர் ரெலிபோனில் என் மனைவி. "யோகண்ணை போயிட்டாராமப்பா. காலமை நெஞ்சு நோ எண்டவராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதல் முடிஞ்சுதாம்."

"ஓம்" என்றேன். "பேந்து எடுக்கிறன்" என்றேன். திரும்பிப் போய் மிச்சத் தட்டுகளுக்கும் பட்டர் வைத்தேன். பக்கத்தில் அவர் நிற்கும் இடம் காலியாக இருந்தது. அன்றைக்கு அவருக்கு லீவு என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. எங்கள் பகுதியான பார்க் எக்ஸ்டென்ஷனில் எந்தத் தமிழ் வீட்டுக் கொண்டாட்டத்துக்கும் ஜாம் போத்தலில் மெக்சிக்கோச் சம்பல் கொண்டு வருபவர் என்றால் போதும். சம்பல் என்றால் அவருக்குக் கோபம் வரும். "சல்சா" என்று திருத்துவார். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான்; எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவருடைய சல்சாவை அதிகம் தின்றவன் என்ற தகுதி எனக்கு உண்டு. என் வயிறு சாட்சி.

தொடக்கி வைத்தது எங்களோடு வேலை செய்த லூப்பே என்ற மெக்சிக்கோக்காரி. ஒரு மத்தியானம் தன் டப்பாவை எங்கள் பக்கம் நீட்டினாள். யாழ்ப்பாணத்தானுக்கு உறைப்புக் காட்டுகிறாளாம் என்று நான் பெரிய கரண்டியால் அள்ளினேன். பிறகு எனக்கு நடந்ததை அவள் மாதக்கணக்காக எல்லாருக்கும் நடித்துக் காட்டினாள். யோகண்ணை சின்ன விரலால் தொட்டு நக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "உறைப்பை விடடா. உதுக்குள்ளை புகை மணக்குது, பிளம்ஸ் மணக்குது. இவ்வளவு காலமும் நாங்கள் மிளகாயை இடிச்சுத் தூளாக்கினதைத் தவிர வேறை என்ன செய்தனாங்கள்?"

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய குசினிதான் எனக்குக் கோயில். இனிப்பு வாசத்துக்கு அஞ்சோ மிளகாய், புகை வாசத்துக்குச் சிப்போத்லே, கிட்டப் போகவே பயப்பட ஹபனேரோ. சல்சாவுக்குள் அவர் போடாத சாமான் இல்லை. வறுத்த கச்சான் கடலை, பூசணி விதை, அன்னாசி, புளூபெரி, ஆறிப்போன கோப்பி. ஒருமுறை, காயவைத்த பனங்கிழங்கான ஒடியலை ஊறவைத்து அரைத்தார். அது சல்சாவும் இல்லை, கூழும் இல்லை. "ரெண்டு நாள் இருந்தால் திறமா வரும்" என்று பிரிட்ஜில் வைத்தார். அவர் மனைவி வசந்தியக்கா அடுத்த நாளே எறிந்துவிட்டா.

ஒரு பனி மாரியில் எல்லா யன்னலும் பூட்டியிருக்க ஹபனேரோவைச் சட்டியில் வாட்டினோம். நாலு மாடியும் இருமியது. வீட்டுச் சொந்தக்காரரான கிரேக்கக் கிழவர் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறி வந்து கதவை அடித்தார். "முசியே, ஆளைக் கொல்லப் போறியோ?" என்று பிரெஞ்சில் கத்தினார். யோகண்ணை ஒரு பாண் துண்டில் சல்சாவைப் பூசி அவர் கையில் வைத்தார். அடுத்த ஞாயிறு கிழவர் வெறும் போத்தலோடு வந்து நின்றார்.

என் மகளின் பிறந்தநாளில் ஒருவர், "மிளகாய் எங்கட சாமான். அதை உவங்களிட்டைப் போய்ப் படிக்கோணுமோ?" என்று நக்கலடித்தார். யோகண்ணை சிரித்தார். "அவங்கட நாட்டிலையிருந்து வந்த சாமான் அண்ணை. நாங்கள் இரவல் வாங்கிப்போட்டு வீட்டுக்காரர் மாதிரிக் கதைக்கிறம்."

எல்லாம் செய்வார், உப்பு மட்டும் போடமாட்டார். "செய்தவன்ட நாக்கு ருசி பாத்துப் பாத்து மரத்துப்போயிருக்கும். அதை நம்பி உப்புப் போடப்படாது. நீ போடு" என்று கிண்ணத்தை என் பக்கம் தள்ளுவார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

செத்தவீட்டில் எல்லாரும் அழுதார்கள். நான் வெளியே விட்ட காருக்குப் பொலிஸ்காரன் டிக்கெட் எழுதிவிடுவானோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வசந்தியக்கா என்னைக் கூப்பிட்டா. "எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு அவருக்கு விருப்பமானதெல்லாம் படைக்கோணும். இறைச்சி, மீனை நான் பாப்பன். அந்தச் சல்சாவை ஆர் செய்யிறது? நீதானே எப்பவும் பக்கத்திலை நிண்டனீ."

நின்றதுதான். ஆனாலும் "ஓம் அக்கா" என்றுவிட்டேன்.

முதல் சட்டி அஞ்சோவைத் தூளுக்கு வறுக்கிற மாதிரிக் கறுக்க வறுத்தேன். கசந்துவிட்டது. இரண்டாம் சட்டியை மணம் எழும்பியதுமே இறக்கினேன். உள்ளிப்பூண்டையும் தக்காளியையும் சுட்டு, அன்னாசியோடு அரைத்தேன். மனைவி பிள்ளைகளுக்குக் கண்ணால் மூக்கால் ஓடியது. எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. மிளகாயும் கைவிட்டுவிட்டது. ருசி பார்த்தேன், திரும்பப் பார்த்தேன், சரியா பிழையா தெரியவில்லை. உப்பை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

எட்டுச்செலவன்று அவருடைய படத்துக்கு முன்னால் அக்கா அதை இலையில் வைக்கப் போனபோது, "பொறுங்கோ அக்கா, உப்புப் போடேல்லை" என்றேன்.

"ஐயோ, மறந்திட்டியே?"

"இல்லை. நான் செய்தனான். நான் போடப்படாது."

அக்கா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. அவர்களுடைய மகள் ஆரணி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற லொங்குய்யிலிருந்து வந்திருந்தாள். உடுப்பில் மணக்குது என்று தகப்பனின் சல்சாவை ஒருநாளும் தொடாத பிள்ளை. கரண்டியை அக்காவின் கையிலிருந்து வாங்கினாள். தொட்டு நக்கினாள், இருமினாள், ஒரு கிள்ளு உப்புப் போட்டுக் கலக்கினாள். இன்னும் ஒரு கிள்ளு. "அசே?" என்று பிரெஞ்சில் என்னைக் கேட்டாள். போதுமா என்று.

"எனக்குத் தெரியாது பிள்ளை. நீதான் சொல்லோணும்."

திரும்பவும் நக்கிப் பார்த்தாள். "போதும் மாமா" என்றாள். பிறகுதான் இலையில் வைத்தோம்.

அவருடைய கைப்பக்குவம் எனக்கு வரவில்லை, வரப்போவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எதையோ அரைக்கிறேன். கடைசியில் கிண்ணத்தை வீட்டில் நிற்கிற யாரோ ஒருவர் பக்கம் தள்ளுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். எனக்கு இன்னும் எல்லாம் மரத்தபடியே இருக்கிறது. உப்பை மற்றவர்கள் போடுகிறார்கள்.