பால்மாவில் புதைந்திருந்த ஸ்பூன்

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, 2005-ஆம் வருஷத்து ஐப்பசி மழையில், கொளஞ்சிநாதனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்த மறுநாளே அதைத் தனியாக வளர்க்க வேண்டிவரும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில், பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. கிளேஸ் கலக்குவான். சூளைக்குப் போகும் முன் பீங்கானின் மேல் ஏற்றுகிற, வெந்து வந்ததும் கண்ணாடிபோல் மின்னுகிற பூச்சுக்குத்தான் அங்கே கிளேஸ் என்று பேர். ஒவ்வொரு பொடியையும் தராசில் நிறுத்துப் போட வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஒரு சூளைச் சரக்கு மொத்தமும் பொத்தல் பொத்தலாக வெளியே வரும். பதினோரு வருஷத்தில் அவன் கை ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. "கொளஞ்சி கலந்தா நாம எட்டிப் பார்க்கவே வேணாம்" என்று மற்றவர்கள் சொல்வார்கள். வெளியே காட்டிக்கொள்ள மாட்டானே தவிர, அதில் அவனுக்குப் பெருமைதான்.

குழந்தை பிறந்த மறுநாள் காலை அவன் மனைவி துர்காவுக்கு வலிப்பு வந்தது. பிரஷர் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது என்றார்கள். அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். துர்காவின் அம்மா கூடப் போனாள். தீவிர சிகிச்சையில் இருக்கிறவளோடு பச்சைக் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டதால், துணியில் சுற்றிய குழந்தையும் ஒரு டின் பால்மாவுமாக அவன் வீடு வந்து சேர்ந்தான். நர்ஸம்மா ஒருவர் பால் கலக்கும் விதத்தை அவனுக்கு இரண்டு தடவை செய்து காட்டியிருந்தார். "அறுபது மில்லி தண்ணிக்கு இந்த ஸ்பூன்ல ரெண்டு. தலை தட்டிப் போடுங்க. குவிச்சுப் போட்டுடாதீங்க."

நல்லூரிலிருந்து அவனுடைய அக்கா ஆதிலட்சுமி வந்தாள். நாலு பிள்ளை பெற்றவள். ஆனால் நாலுக்கும் தாய்ப்பால்தான்.

"எனக்கு இந்த டப்பாப் பாலுல்லாம் தெரியாதுடா தம்பி. நீ சொல்லிக் குடு, பகல்ல நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

அவன் சொல்லிக் கொடுத்தான். பகல் அக்காவுக்கு, இரவு அவனுக்கு என்று ஆயிற்று. வேலையிலிருந்து வந்ததும் நான்கு பாட்டில்களையும் ரப்பர்களையும் ஸ்பூனையும் அலுமினியக் குண்டானில் போட்டுக் கொதிக்க வைப்பான். கொதித்த தண்ணீரைப் பிளாஸ்கில் ஒரு பங்கும், ஆற வைத்து எவர்சில்வர் சொம்பில் ஒரு பங்கும் மூடி வைப்பான். குழந்தை சிணுங்கியதும் இரண்டையும் கலந்து, கோடு பார்த்து ஊற்றி, மாவைப் போட்டுக் குலுக்கி, மணிக்கட்டின் உள்பக்கம் நாலு சொட்டு விட்டுப் பார்ப்பான். சுடவும் கூடாது, ஜில்லென்றும் இருக்கக் கூடாது. பத்து மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. பாட்டிலைக் கவ்வியதும் குழந்தை அவனுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்ளும்.

சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மாமியாரின் செல்போனுக்குப் பேசுவான். பத்து நாள் கழித்துத்தான் துர்காவின் குரலே கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"பாப்பா பாலு குடிக்குதாங்க?"

"நல்லா குடிக்குது. நீ அத நெனச்சிக் கவலப்படாத."

"நீங்க கலக்கறீங்கன்னு அம்மா சொன்னாங்க. அப்ப சரி" என்றாள்.

இரண்டு டின் தீர்ந்தது. மூன்றாவதுக்குப் போனபோது மழையில் லாரி வரவில்லை, அந்த மாவு இல்லை என்று மருந்துக்கடையில் வேறு கம்பெனி டின் கொடுத்தார்கள். எப்படிக் கலக்க வேண்டும் என்று அவன் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டான். கடைக்காரர் டின்னைத் திருப்பி வாசித்துப் பார்த்தே சொன்னார்: "அறுபது மில்லிக்கு ஒரு ஸ்பூன்."

சரி, இந்த மாவு கெட்டி போலிருக்கிறது என்று கொளஞ்சி எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தான். மேலே மாவு மட்டும்தான் இருந்தது. கொதிக்க வைத்த ஸ்பூன்தான் கையில் இருக்கிறதே. அதில் ஒன்று, தலை தட்டி, அறுபதுக்கு. அக்காவுக்கும் அப்படியே சொன்னான்.

முதல் இரண்டு நாள் குழந்தை ஓயாமல் அழுதது. பாட்டிலை முடித்துவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தது. "பசி கூடிட்டுது, வளர்ற புள்ள" என்றாள் அக்கா. அறுபதைத் தொண்ணூறாக்கினார்கள். மூன்றாம் நாளிலிருந்து அழுகை குறைந்தது. நாலாம் நாள் அநேகமாக அழவே இல்லை. அவர்களாக எழுப்பித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

"இப்பத்தான் சமத்தாயிட்டுது பாரு" என்றாள் ஆதிலட்சுமி. கொளஞ்சியும் அதை நம்பினான். நம்பியது மட்டுமில்லை, அன்று சாயங்காலம் துர்காவிடம், "ராத்திரில ஒரு சத்தமில்ல, நல்லா தூங்குது" என்று சந்தோஷமாகவே சொன்னான்.

ஐந்தாம் நாள் இரவு ஒரு மணிக்கு அலாரம் அடித்து எழுந்தான். தண்ணீரைக் கலந்து வைத்துவிட்டு டின்னுக்குள் ஸ்பூனை விட்டான். ஏதோ இடறியது. மாவு கட்டி தட்டிவிட்டதோ என்று விரலால் நெம்பினான். மாவுக்குள்ளிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன் மேலே வந்தது.

அதைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு விளங்கிவிட்டது. அவனுடைய கண் அளவு பார்த்துப் பழகிய கண். இருந்தாலும் கை தானாகச் சொம்பை எடுத்தது. புது ஸ்பூனில் தண்ணீர் நிரப்பிப் பழைய ஸ்பூனில் ஊற்றினான். அது நிறைந்த பிறகும் புதியதில் பாதி மிச்சம் இருந்தது. பழையதில் இருந்ததைக் கீழே கொட்டிவிட்டு மிச்சத்தை அதில் ஊற்றினான். மறுபடியும் விளிம்புவரை நிறைந்தது. சரியாக இரண்டு.

டின்னை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தான். இங்கிலீஷ் அவனுக்கு வராது. ஆனால் 60 என்ற எண்ணும், அதன் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்பூன் படமும் இருந்தன. படத்தில் இருந்தது இந்த மஞ்சள் ஸ்பூன். ஐந்து நாளாக அவன் தன் குழந்தைக்குப் பாதிப் பாலைத்தான் கொடுத்திருக்கிறான். மிச்சமெல்லாம் வெறும் தண்ணீர்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அதன் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. திரும்பிக் குழந்தையிடம் போனான். கன்னத்தைத் தட்டினான். உள்ளங்காலைச் சுண்டினான். கண் திறக்கவில்லை. தூக்கியபோது கழுத்தும் கையும் ஈரத்துணி மாதிரி தொங்கின. பிறகு உதட்டோரம் துடித்தது. இடது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. துர்காவுக்கு வந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இதே இழுப்பை அவன் பார்த்திருக்கிறான்.

"அக்கா!"

அந்தக் குரலுக்கு ஆதிலட்சுமி மட்டுமில்லை, பக்கத்து வீட்டுத் தங்கதுரையும் எழுந்து வந்துவிட்டார். தங்கதுரைக்குச் சொந்த ஆட்டோ இருந்தது. எதையும் கேட்காமல் வண்டியை எடுத்தார். வழியெல்லாம் அக்கா, "என்னாடா ஆச்சு, என்னாடா ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவன் குழந்தையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஊசி போட்டு இழுப்பை நிறுத்தினார். எடை போட்டுப் பார்த்தார்கள். பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூறு. இப்போது இரண்டு கிலோ நானூறு.

"என்ன பால் குடுக்கறீங்க?"

கொளஞ்சி சட்டைப் பையிலிருந்து இரண்டு ஸ்பூன்களையும் எடுத்து மேஜைமேல் வைத்தான். எப்போது அவற்றைப் பையில் போட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"பெரிசுல ஒண்ணு போடணும். நான் சின்னதுல ஒண்ணு போட்டுட்டேன்."

"எத்தனை நாளா?"

"அஞ்சு நாளுங்க."

டாக்டரம்மா இரண்டு ஸ்பூன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "வெறும் தண்ணி உள்ள போயிப் போயி உடம்புல இருக்கற உப்பு இறங்கிப்போச்சு. அதனாலதான் வலிப்பு. மெதுவா ஏத்தணும், அவசரப்பட்டு ஏத்துனா மூளைக்கு ஆபத்து. வெளிய உக்காருங்க."

அவர் திட்டுவார் என்று கொளஞ்சி காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலாம். அவர் திட்டவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டியிருப்பது தெரிந்தது. மாற்றத் தோன்றவில்லை. ஆதிலட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "நானுந்தானடா ஊத்துனன். பகல் பூரா நானுந்தான ஊத்துனன். சமத்துப் புள்ளன்னு வேற சொன்னனே." அவனுக்கு அழுகை வரவில்லை. தன்னுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ கொடுத்த விஷமென்றால் ஒருவனைப் பிடித்துச் சட்டையைப் பற்றி உலுக்கலாம். அவனே சுட வைத்து, அவனே ஆற்றி, மணிக்கட்டில் சொட்டு விட்டுப் பார்த்து, அவனே மடியில் போட்டு ஊட்டியிருக்கிறான். எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தானோ அவ்வளவும் அவனை இப்போது திகைக்க வைத்தது.

விடிந்தது. மத்தியானம் ஆனது. தங்கதுரை வாங்கி வந்த டீ அவன் பக்கத்தில் ஆடை படிந்து கிடந்தது. மூன்று மணி வாக்கில் உள்ளேயிருந்து ஒரு அழுகைச் சத்தம் வந்தது. கோபமான, பசித்த, முழு அழுகை. ஐந்து நாளாகக் கேட்காத சத்தம். கொளஞ்சி எழுந்து கதவுவரை போனான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

நான்கு நாள் கழித்துக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். துர்காவிடம் போனில் எதுவும் சொல்லவில்லை. "குடிக்குதா?" என்று அவள் கேட்ட ஒவ்வொரு சாயங்காலமும் "குடிக்குது" என்றான். அவள் திரும்பி வந்த அன்று, கட்டிலில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டதுமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஒன்றையும் மறைக்கவில்லை.

துர்கா கத்தவில்லை. அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "நீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு அவனைப் பாட்டில் பக்கம் விடவில்லை. பால் சுரப்பு வற்றிப்போயிருந்தது. உடம்பிலும் தெம்பு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். அவன் எழுந்தால், "படுங்க" என்பாள். அவன் படுத்துக்கொண்டு, ஸ்பூன் டின்னில் உரசும் சத்தத்தை எண்ணுவான். மூன்று இரவு அப்படிப் போனது.

நாலாம் நாள் அக்காவும் மாமியாரும் அவரவர் ஊருக்குக் கிளம்பிப் போனார்கள். அன்று இரவு யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். துர்காதான். குழந்தை அலறிக்கொண்டிருந்தது.

"என்னால நிக்க முடியலங்க. தல சுத்துது. நீங்க போயி கலந்து தாங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்க? சீக்கிரம் போங்க, அழுவுது பாருங்க."

அவன் போனான். முதல் ஸ்பூன் மாவு தரையில் கொட்டியது. அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தான். கட்டிலிலிருந்து அவள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. குழந்தையை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

நாலாம் மாதம் குழந்தைக்குத் தலை நின்றது. டாக்டரம்மா சாவிக்கொத்தை அதன் முகத்துக்கு எதிரே ஆட்டினார். அதன் கண் கூடவே ஆடியது. கையைத் தட்டினார். சட்டென்று திரும்பியது. "ஒரு குறையும் இல்ல. இனிமே இதுக்காக வர வேணாம்" என்றார்.

"இன்னொரு தடவ பார்த்துடுங்க டாக்டர்" என்றான் கொளஞ்சி.

டாக்டரம்மா சிரிக்காமல் மறுபடியும் சாவியை எடுத்தார்.