ஜீப் நின்ற வீடுகள்

எங்கள் ஜீப் தெருவுக்குள் நுழைந்தால் தறிச் சத்தம் நின்றுவிடும். ஒரேயடியாக நிற்காது. முதல் வீட்டில் நிற்கும், பிறகு எதிர் வீட்டில், பிறகு அதற்கடுத்த வீட்டில். நாங்கள் போகப் போக எங்களுக்கு முன்னால் தெரு அடங்கிக்கொண்டே போகும். நாங்கள் கடந்த பிறகு பின்னால் ஒவ்வொன்றாக மறுபடி தட்ட ஆரம்பிக்கும். ஆரணியில் பகல் நேரத்தில் தறிச் சத்தம் கேட்காத இடம் என்று ஒன்று இருந்தால், அது எங்கள் ஜீப்பைச் சுற்றி மட்டும்தான் இருந்தது. நாங்கள் போகுமிடமெல்லாம் அதுவும் கூடவே வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் ஒன்றில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். தேவிகாபுரம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். கடல் தாண்டிய ஏதோ நாட்டில் யாரோ கொடுத்த பணம் டெல்லிக்கு வந்து, சென்னைக்கு வந்து, ஆரணியில் மாடியில் ஓர் அலுவலகமாகவும் கீழே ஒரு வெள்ளை ஜீப்பாகவும் வந்து நின்றது. ஜீப்பின் இரண்டு பக்கக் கதவிலும் பெரிதாக எய்ட்ஸ் அடையாளமான சிவப்பு ரிப்பன் வரைந்திருந்தார்கள். வரையச் சொன்ன புண்ணியவான் யாரென்று தெரிந்திருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன்.

லாரி டிரைவர்கள், கிளீனர்கள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள் ஆகியோரிடம்தான் எங்களுக்கு வேலை. இவர்களுக்குத் திட்டத்தில் ‘இலக்குக் குழு’ என்று பெயர். ஆணுறை கொடுப்போம், படம் காட்டுவோம், ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவோம். படம் காட்ட ஜெனரேட்டர் இருந்தது. பனியன் இருந்தது, தொப்பி இருந்தது. மருந்து மட்டும் இல்லை. பணம் கொடுத்தவர்களின் ஊரில் அந்த மருந்தைச் சாப்பிட்டு ஆட்கள் எழுந்து வேலைக்குப் போகிறார்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். இங்கே அதை வாங்க ஒரு நெசவுக் குடும்பம் வீட்டையும் தறியையும் சேர்த்து விற்க வேண்டும், அதுவும் சில மாதத்துக்குத்தான் வரும். ஆகவே நாங்கள் நோய் வந்துவிட்ட வீட்டில் உட்கார்ந்து, நோய் வராமல் காத்துக்கொள்வது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். சொல்லிவிட்டு வந்த வீட்டில் கொஞ்ச நாளில் சாவுப் பந்தல் போடுவார்கள்.

நெசவாளர் தெருக்களில் தறியை விட்டு லாரிக்குப் போன ஆட்கள் சிலர் இருந்தார்கள். அவர்களைப் பார்க்கத்தான் நாங்கள் அங்கே போனது. தெரு எங்களைக் கவனித்துக்கொண்டே இருந்தது. ஜீப் நிற்கிறது, பிறகு சாவு விழுகிறது. ஆள் நோயில் படுத்ததால்தான் ஜீப் வருகிறது என்று நான் தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை. குழித்தறிக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும் மனிதன் கையை நிறுத்திவிட்டு, எஞ்சின் சத்தம் எந்த வாசலில் அணைகிறது என்று காது கொடுத்துக் கேட்பான். தன் வாசலைத் தாண்டிவிட்டால் மறுபடி குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவான். ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே அந்த ஜீப் சும்மா நின்றிருந்ததைப் பார்த்து நானே ஒதுங்கிப் படியேறினேன். அடுத்தது யார் என்று அதற்குத் தெரியும் என்பதுபோல் நின்றது.

அப்புறம் பஞ்சர் ஆனது. நல்ல வெயிலில், ஒரு நோயும் இல்லாத ஒரு வீட்டின் நேர் எதிரே. டிரைவர் அண்ணன் டயரை மாற்றி முடிப்பதற்குள் அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சு முறிந்துவிட்டது என்றே சொல்லலாம். இரண்டு நாளில் சேத்துப்பட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். பெண்ணின் அப்பா அலுவலகத்துக்கு ஓடிவந்து, “மைக் வெச்சினு சொல்லுங்க சார், அது பஞ்சர்தான்னு ஊர் பூரா சொல்லுங்க” என்று அழுதார். எங்கள் மேற்பார்வையாளர் இளகிய மனசுக்காரர். அதே ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி, அதே தெருவில், இன்னார் வீட்டில் யாருக்கும் எய்ட்ஸ் இல்லை என்று அறிவிக்கச் சொன்னார். வேண்டாம் சார் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அறிவித்துவிட்டு வந்தோம். அந்தக் குடும்பம் அடுத்த மாதமே ஊரைக் காலி செய்தது.

அதற்குப் பிறகுதான் தெரு எங்களுக்கு எதிராகப் பாவு நீட்ட ஆரம்பித்தது. பாவு என்பது சேலையின் நீளவாட்டு நூல். அதைத் தெரு நீளத்துக்கும் கட்டைகளின் மேல் இழுத்துக் கட்டி, சிக்கு எடுத்து, அறுந்த இழையை முடிவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துச் சுருட்டிவிடுவார்கள். பாவு நீட்டியிருந்தால் எந்த வண்டியும் அந்தத் தெருவில் நுழையாது. மாட்டு வண்டியானாலும் போலீஸ் வண்டியானாலும் சுற்றிக்கொண்டுதான் போகும். யாரும் போர்டு வைத்துச் சொன்னதில்லை, ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கோ நடுமத்தியானத்தில் பாவு கிடந்தது. உச்சி வெயிலில், இடுப்பு உயரத்துக்கு, அரக்குச் சிவப்பில் அத்தனை இழைகள் தெரு முழுக்க நீண்டிருக்கும். பக்கத்தில் ஒரு ஆள் இருக்க மாட்டார். தறிகள் நின்றிருக்கும். காற்றே இல்லாமல் நூல் மட்டும் லேசாக அதிர்ந்துகொண்டிருக்கும், அந்தப் பக்கத்து முனையை யாரோ பிடித்துக்கொண்டு நிற்பதுபோல. நாங்கள் ஜீப்பைப் பின்னால் எடுத்துவிடுவோம்.

அந்தத் தெருவின் கடைசி வீட்டிலிருந்து ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். அதற்குள் சில வருஷம் ஓடியிருந்தது. சென்னைக்குப் பக்கத்துப் பெரியாஸ்பத்திரியில் மருந்தை இலவசமாகத் தர ஆரம்பித்திருந்தார்கள். அவள் புருஷன் முதலாளிக்காகச் சேலை மூட்டை எடுத்துக்கொண்டு வெளியூர் போய்வந்தவர், இறந்துவிட்டார். அவர் தறியில் இப்போது அவள் நெய்கிறாள். பத்தாவது படிக்கும் ஒரு மகள். மகளுக்குப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. இவளுக்கு இருந்தது. பின்சந்து வழியாகச் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, எங்கள் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கையில் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

“மருந்து தராங்களாமே, அங்க போவணும்க்கா. பஸ்ஸுல குந்தமுடியல. வழியெல்லாம் வயித்தால போவுது. உங்க ஜீப்புல இட்டுகினு போவீங்களா?”

நான் மேற்பார்வையாளரிடம் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிக்கலான விஷயம் வந்தால் அவர் அதைத்தான் செய்வார்.

“இதுக்குச் செலவெழுத ஹெட் இல்லியேம்மா. டீசல் போடறது டிரைவர், கிளீனர், தொழில் பண்ற பொம்பளைங்க, இவங்களுக்குத்தான். இவங்க குடும்பப் பொம்பளை. நம்ம திட்டத்துல குடும்பப் பொம்பளைன்னு ஒரு ஹெட்டே கிடையாது.”

“கிருமிக்கு உங்க ஹெட்டு தெரியுமா சார்?” என்றேன். எனக்கு வாய் நீளம் என்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அவர் கோபப்படவில்லை. அவள் மெல்ல ஏறி வந்து வாசலில் நின்றதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தி, “ஒரே வழிதான் இருக்கு. தொழில் பண்றவங்கன்னு பதிஞ்சா மாசாமாசம் ஜீப் அனுப்பலாம். சத்துமாவும் தரலாம்” என்றார்.

“உங்க வூட்டுப் பொம்பளையா இருந்தா அப்படிப் பதிவீங்களா?”

“உயிரோட இருக்கணும்னா பதிவேம்மா.”

வாசலில் இருந்தவள் தலைக்கு மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருவனைத் தவிர வேறு ஆணை ஏறெடுத்துப் பார்த்தவளில்லை என்பதை அவள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. அந்த ஒருவன் கொண்டுவந்து கொடுத்ததைத்தான் அவள் சுமந்துகொண்டிருந்தாள்.

“எழுதிக்குங்க சார்,” என்றாள். “எம்பொண்ணுக்கு மட்டும் தெரியக்கூடாது.”

மார்கழியில் ஒரு காலை அவளைக் கூட்டிப்போக ஜீப்போடு போனோம். நல்ல பனி. தெருமுனையிலேயே பாவு கிடந்தது, வெள்ளை நூல், பனியில் மறுமுனை தெரியவில்லை. ஆளில்லை. டிரைவர் அண்ணன் ஹாரன் அடித்தார். ஒரு கதவும் திறக்கவில்லை, ஆனால் கதவிடுக்கு எல்லாவற்றிலும் கண் இருப்பதை என்னால் உணர முடிந்தது. அறுத்து எறிந்துவிட்டு வண்டியை விடுங்கள் என்று கத்தினேன். “அத்த மட்டும் சொல்லாதம்மா” என்றார் அண்ணன். அவரும் நெசவு வீட்டில் பிறந்தவர்தான்.

அப்போது பனிக்குள்ளிருந்து அவள் வந்தாள். முதலில் ஆள் தெரியவில்லை, பாவின்மேல் ஒரு கை மட்டும் ஊர்ந்து வருவது தெரிந்தது. சாய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் நூலை ஒட்டி, ஆனால் நூலில் பாரம் போடாமல், அடி அடியாக நடந்து வந்தாள். நடுவழியில் நின்றாள். மயங்கி விழப்போகிறாள் என்று நினைத்து ஓடினேன். ஒரு இழை அறுந்திருந்தது. அதை எடுத்து, நுனியை விரலில் உருட்டி, முடிந்துகொண்டிருந்தாள். தன்னை உள்ளே வைத்துப் பூட்டிய பாவில் அறுந்த இழையைப் பார்த்துக்கொண்டு அவளால் தாண்டிப்போக முடியவில்லை. எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஜீப்பில் ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகு, பனிக்குள் முதல் தறி தட்ட ஆரம்பித்தது.

மருந்து வேலை செய்தது. அதைச் சொல்லியாக வேண்டும். சில மாதத்தில் வளையல் மணிக்கட்டில் நின்றது. மறுபடி தறியில் இறங்கி உட்கார்ந்தாள். எங்கள் பதிவில் அவள் பாலியல் தொழிலாளி, மாதம் ஒருமுறை ஜீப் போனது. நாங்கள் அவளைத் தெருவுக்கு வெளியே ஏற்றிக்கொண்டு வெளியிலேயே இறக்கிவிட்டோம். மகள் பிளஸ் டூவுக்கு வந்துவிட்டாள்.

பிறகு பணம் கொடுத்தவர்கள் பார்க்க வந்தார்கள். மருந்து சாப்பிட்டுத் தேறிய ‘இலக்குக் குழு’ப் பெண் ஒருத்தியை அவள் வீட்டிலேயே சந்திக்க வேண்டுமாம். அப்படித் தேறியவள் எங்கள் பதிவில் இவள் ஒருத்திதான், மற்ற பெண்கள் மருந்து வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். மேற்பார்வையாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னை அவளிடம் கேட்டுவர அனுப்பினார். அவள் கேட்டது ஒன்றுதான்: “பொண்ணு ஸ்கூலுக்குப் போன அப்புறம் வரச்சொல்லுக்கா.”

போனோம். வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர், சென்னையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர். அன்றைக்குத் தெருவில் பாவு இல்லை. எல்லாத் தறியும் நின்றிருந்தன. உள்ளே பாய் விரித்து உட்கார்ந்தோம். சமையல் கட்டிலிருந்து காபி டம்ளர்களோடு மகள் வந்தாள். பள்ளியில் பாதி நாள் விடுமுறை விட்டுவிட்டார்களாம். அம்மாவின் முகம் செத்துப்போனது. நான் எழுந்து, “நீ வெளிய வாம்மா, கடைக்குப் போயிட்டு வரலாம்” என்று கையைப் பிடித்தேன். அதற்குள் மொழிபெயர்ப்பாளர் உரக்கக் கேட்டுவிட்டார்.

“இந்தத் தொழிலுக்கு எப்ப வந்தீங்க, எப்ப விட்டீங்கன்னு கேக்கறாங்க.”

மகளின் கை என் கையில் கல்லாகிவிட்டது. அந்த வீட்டுச் சுவர்கள் பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர்கள். அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. அம்மா மகளைப் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளரையே பார்த்தாள்.

“விட்டாதான் மருந்து தருவாங்கன்னா, விட்டுட்டேங்க. விடலன்னாதான் தருவாங்கன்னா, இன்னும் விடலீங்க.”

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தடுமாறினார். பிறகு, இவர் மிகவும் நன்றியோடு இருக்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னார். வந்தவர்கள் கையைக் கூப்பினார்கள். நல்ல மனிதர்கள்தான், ஒருவருக்குக் கண்கூடக் கலங்கியிருந்தது. காபியை யாரும் தொடவில்லை. கார் ஏறிப் போய்விட்டார்கள்.

அம்மா பாயில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மகள் டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து முற்றத்து ஜலதாரையில் கொட்டிவிட்டு வந்தாள். அம்மாவை ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“அக்கா, எங்கப்பா மாதிரி ஒரு ஆளக் கட்டிகினு நாளைக்கு எனக்கும் வந்துச்சின்னா, என்னையும் அப்படித்தான் எழுதுவீங்களா?”