வசந்தா அக்கா போட்ட கிரேடு

போன வெள்ளிக்கிழமை காலை செம்பாக்கத்திலிருந்து வசந்தா அக்காவின் அண்ணி கமலா போன் செய்தார். "தம்பி, வசந்தா போயிட்டா" என்றார். தாம்பரத்தில் நம் நாணயச் சேகரிப்போர் சங்கத்துக்கு வந்துபோன எல்லாருக்கும் வசந்தா அக்காவைத் தெரியும். நேரில் பார்க்காதவர்களும் அவர் கையெழுத்தைப் பார்த்திருப்பார்கள்.

பிழைப்புக்கு ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் எங்களுக்கு நீதிபதி. சங்கம் கூடும் டியூஷன் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்து, ஏலத்துக்கு வரும் காசுகளை லென்ஸில் பார்த்து, காகித உறையின் மேல் தரத்தை எழுதுவார். ஒரே ஆண்டு, ஒரே அச்சாக இருந்தாலும் புழங்கித் தேய்ந்த காசு 'ஃபைன்', புழக்கத்துக்கே போகாதது 'யு.என்.சி.'. விலையில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒருமுறை என் காசை ஒரு படி ஏற்றிப் போடச் சொல்லிக் கெஞ்சினேன். "செயலாளர் சார், நான் எழுதறதாலயா அது புதுசாயிடும்?" என்று சிரித்துவிட்டு அடுத்த காசை எடுத்தார். எனக்கு வந்த எரிச்சல் அடங்க ஒரு வாரம் ஆனது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை. பக்கத்தில் ஏரி இருந்தும் அக்கா வீட்டுக் கிணறு வற்றிவிட்டது. போர் போடுவதற்காக, அப்பா விட்டுச்சென்ற விக்டோரியா வெள்ளி ரூபாயை விற்பதென்று முடிவு செய்தார். அரிய ஆண்டு, அப்பழுக்கில்லாத யு.என்.சி. அதில் இயல்பாகப் படிந்திருந்த நீலக் கருமையைப் பார்த்து நாங்கள் வாயைப் பிளந்திருக்கிறோம்.

ஏலத்தன்று உறையைப் பிரித்ததும் அக்காவின் முகம் மாறியது. காசு பளபளவென்று மின்னியது. நாத்தனாருக்கு நல்ல விலை கிடைக்கட்டும் என்று, அண்ணி அன்று காலை வெள்ளிக் குங்குமச்சிமிழோடு அதையும் திருநீறு போட்டுத் தேய்த்துவிட்டார். கருமை போய், லென்ஸில் பார்த்தால் மெல்லிய கீறல்கள்; தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் பாதி விலைக்குக்கூடக் கேட்கமாட்டார்கள். எழுத்துகளின் இடுக்கில் வெள்ளையாகத் திருநீறு.

பாரிமுனையிலிருந்து வந்திருந்த வியாபாரிக்குக் காசு பிடித்துவிட்டது. "சும்மா தகதகன்னு கீது மேடம். யு.என்.சி.னு எழுதிக் குடுங்க, நானே எடுத்துக்கறேன். ஒரு வார்த்தைதானே, இன்னாத்துக்கு பேஜார்?"

நானாக இருந்தால் எழுதியிருப்பேன். அக்கா, "இந்தக் காசு உங்ககூடவே நின்னுடாது சார். அடுத்து வாங்கறவருக்கும் நான்தானே பதில் சொல்லணும்" என்றார். உறையின் மேல் கொட்டை எழுத்தில் 'தேய்த்தது' என்று எழுதினார். விலை மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. அந்தக் கோடை முழுக்க அக்காவும் அண்ணியும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றார்கள்.

அந்த வியாபாரிதான் போகிற இடமெல்லாம் இதைச் சொன்னார். அதன்பின் அக்கா எழுதிய உறையைப் பம்பாயில்கூடப் பிரித்துப் பார்க்காமல் வாங்கினார்கள். நம் சங்கத்துக்கு இருந்த பெயர் அவர் சம்பாதித்துக் கொடுத்தது. இதை நான் எந்தச் சபையிலும் மார்தட்டிச் சொல்வேன்.

துக்கம் கேட்கப் போனபோது அண்ணி அக்காவின் லென்ஸை என் கையில் கொடுத்தார். பிறகு கேட்டார்: "ஏன் தம்பி, அந்த வெள்ளி ரூபாய நான் அவ்ளோ பார்த்துப் பார்த்துத் தேய்ச்சுக் குடுத்தேனே, அப்புறமும் ஏன் விலை போகல? வசந்தாகிட்ட கேட்டா, அந்தக் காசுக்கு மவுசு அவ்வளவுதான்னு சொல்லிட்டா."

இத்தனை வருஷமாக அண்ணிக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் ஒரு படிகூட ஏற்றிப் போடாத அக்கா, அண்ணி மனம் நோகக் கூடாதென்று தன் அப்பாவின் காசையே பேச்சில் இறக்கிப் போட்டிருக்கிறார்.

லென்ஸ் சங்கத்துக்குப் போகட்டும். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பதிலைத்தான். அன்றைக்கே அண்ணியிடம் நானும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஆமாம் அண்ணி. அந்தக் காசுக்கு மவுசு அவ்வளவுதான்."