சேகர் வீட்டில் யாரும் அழவில்லை

மூன்று வாரமாக இந்தப் பத்தியில் இதை எழுதாமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். மிக்ஸி ரிப்பேர், டிராஃபிக், அபார்ட்மென்ட் மீட்டிங் என்று எதையாவது எழுதி ஒப்பேற்றினேன். நீங்களும் சிரித்தீர்கள். இந்த வாரம் முடியவில்லை.

நாலு நாள் லீவு வந்தால் மகாபலிபுரம் போவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை என் கணவர் ரகு, "கடற்கரையில கூட்டம் அள்ளும். உள்ளே ஏதாவது கிராமத்துல தங்கலாம்" என்றார். ஆன்லைனில் தேடிப் பிடித்து, ஒரு ராத்திரிக்கு மட்டும் ரூம் போட்டோம். நெம்மேலியில் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கால்வாயைத் தாண்டிப் போனால் ஒரு சின்ன ஊர். வயலை ஒட்டி மூன்றே ரூம் உள்ள ஹோட்டல். அதன் பின்னாலேயே ஓனர் வீடு.

ஓனர் சேகருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மறைமலைநகரில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் இருந்தவர். வேலை போனதும் கைக்கு வந்ததை வைத்து இந்த ரூம்களைக் கட்டியிருக்கிறார். சமையல், பெட்ஷீட் மாற்றுவது, பாத்ரூம் கழுவுவது — எல்லாம் அவரும் மனைவி அமுதாவும்தான். அன்று மற்ற இரண்டு ரூமும் காலி. நானும் ரகுவும் எட்டு வயது மகள் யாழினியும் மட்டும்தான் அங்கே.

சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அறுத்த வயலில் கொக்குகள். நல்ல காற்று. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டாயிற்று. அப்போதுதான் அந்த இருமல் ஆரம்பித்தது.

பின்வீட்டு ஜன்னலிலிருந்து வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் மூச்சு நின்று, முடிந்தது என்று நாம் நினைக்கும்போது மறுபடி தொடங்குகிற இருமல். ராத்திரி டிபன் வரும்வரை ஓயவில்லை. தோசை கொண்டுவந்த சேகரிடம் கேட்டேன். கேட்டேனா? இல்லை... புகார் சொன்னேன்.

"யாருங்க அது? ரொம்ப டிஸ்டர்பன்ஸா இருக்கு. குழந்தை எப்படித் தூங்குவா?"

சேகர் முகம் ஒரு விநாடி சுருங்கியது. "எங்க நைனா, மேடம். நாலு மாசமா படுக்கையில கீறாரு. நீங்க சாப்பிடுங்க. இனிமே சத்தம் வராது."

வரவில்லை. என்ன செய்து நிறுத்தினார்கள் என்று நான் யோசிக்கவும் இல்லை. மூன்று பேரும் நன்றாகத் தூங்கினோம்.

காலையில் ஏழு மணிக்குக் காபி என்று பேச்சு. ஏழரை ஆயிற்று. சேகருக்குப் போன் அடித்தேன்... எடுக்கவில்லை. எட்டு மணிக்கு அமுதா ட்ரேயோடு வந்தார். கண் வீங்கியிருந்தது. அதைப் பார்த்தும், "ஏழு மணின்னுதானே சொன்னீங்க?" என்றேன்.

"தப்புதான் மேடம். நாஸ்தா இதோ எடுத்தாந்துடறேன்" என்று நிமிராமலே சொல்லிவிட்டுப் போனார்.

"காபிதான் லேட்டு. அந்த இருமலாவது நின்னுதே" என்று ரகுவிடம் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

யாழினி, முதல் நாள் பார்த்த கன்றுக்குட்டியைத் தேடிப் பின்பக்கம் ஓடியிருந்தாள். திரும்பும்போது மெதுவாக நடந்து வந்தாள்.

"அம்மா, பின்னாடி நிறைய பேர் தரையில உக்காந்திருக்காங்க. யாருமே பேசல. ஒரு ஆன்ட்டி புடவையை வாய்க்குள்ள வச்சு அமுக்கிக்கிட்டிருக்காங்க. ஒரு தாத்தா படுத்திருக்காரு... மூக்குல பஞ்சு."

ரகு டம்ளரைக் கீழே வைத்தார்.

பின்பக்கம் போனேன். சமையலறையில் அமுதா எங்களுக்காகப் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தார்.

"எப்போ?" என்றேன்.

"தெரியல மேடம். அஞ்சு மணிக்குப் போய்ப் பார்த்தேன். ஒடம்பு ஜில்லுனு இருந்துச்சு."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"கெஸ்ட் இருக்கசொல்ல எப்டி மேடம்? நீங்க பதினோரு மணிக்குக் கெளம்பிடுவீங்க, அதுவரைக்கும் யாரும் அழக்கூடாதுன்னு அவரு எல்லாருக்கும் சொல்லி வச்சிகீறாரு."

அதோடு நிறுத்தியிருக்கலாம் நான். "ராத்திரி பக்கத்துல யாரும் இல்லையா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"எப்பவும் அவருதான் நைனா பக்கத்துல பாயப் போட்டுப் படுப்பாரு. நேத்து சத்தம் வெளிய வரக்கூடாதுன்னு, நெல்லு மூட்டை வைக்கிற ரூமுக்கு நைனாவ மாத்தினோம். அங்க ரெண்டு பேர் படுக்க எடம் இல்ல."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"மன்னிச்சிடுங்க அமுதா."

அவர் கரண்டியை இறுக்கிப் பிடித்தார். "வேணாம் மேடம். இன்னொரு தபா சொன்னீங்கன்னா அழுதுடுவேன்."

"அழுங்க" என்றேன்.

நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அடுப்பை அணைத்தார். அணைத்துவிட்டுத்தான் அழுதார். அந்தச் சத்தம் கேட்டதும் வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் வெடித்தார்கள். மூன்று மணி நேரமாகத் துணியை வைத்து அடக்கிய அழுகை. அவர்கள் வீட்டுச் சாவுக்கு அவர்கள் அழ, நேற்று வந்த நான் அனுமதி கொடுக்க வேண்டியிருக்கிறது!

பின்னாலேயே வந்த ரகுவும் நானும் உள்ளே போய் நின்றோம். ரொம்பச் சின்ன உடம்பு. இதிலிருந்தா அத்தனை பெரிய இருமல் வந்தது? சேகர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, "சாரி சார், நாஸ்தா லேட்டாயிடுச்சி" என்றார். ரகு அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "நாங்க இப்பவே கிளம்பறோம் சேகர். நீங்க ஆகவேண்டியதைப் பாருங்க." நான் சேகரின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஊர் முனை டீக்கடையில் நாலு பேர் மடியில் பறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் காரை உற்றுப் பார்த்தார்கள். கார் தாண்டியதும் எழுந்து ஊருக்குள் நடந்தார்கள். நாங்கள் போகட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

எங்கேயாவது தங்கப் போகும்போது நமக்கெல்லாம் ஒரு நினைப்பு. நாம் போய் இறங்கியதும்தான் அந்த ஊருக்குக் கரண்ட் வருகிறது, நாம் கிளம்பியதும் சுவிட்சை அணைத்துவிடுவார்கள் என்று. அங்கேயும் ஒருவருக்கு மூச்சு முட்டும், அவருக்குப் பக்கத்தில் படுக்க ஒரு பிள்ளை இருப்பான் என்று தோன்றுவதே இல்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று மனசு கேட்கவில்லை. 'உங்க நைனாவைக் கடைசி ராத்திரி தனியாப் படுக்க வச்சது நான்தான்' என்று சொல்லிவிட வேண்டும். நாலு வரி மனப்பாடம் செய்துகொண்டு சேகருக்குப் போன் போட்டேன்.

எடுத்தார். குரல் கிசுகிசுவென்று வந்தது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க... ரூம்ல கெஸ்ட் கீறாங்க. அப்புறமா பேசட்டா?"