ராணி வீட்டு சிபியு

வீட்டுக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கப் போகிறவனிடம் எல்லோரும் முதலில் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு." பழைய பெட்டியோடு குடித்தனம் நடத்தும் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். என் வீட்டுப் பெட்டியைப் பார்த்து நானே சொல்லியிருக்கிறேன். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் எனக்கு இரவு ஷிஃப்ட். பகலில் படுத்தால் தூக்கம் வராது, கண்டதெல்லாம் நினைவுக்கு வரும். அதனால் அச்சகத்தில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பிரித்து இந்த வேலையை நானாகவே கற்றுக்கொண்டேன். யார் கூப்பிட்டாலும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

தட்டினால் ஓடும்

பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டும் சின்ன லேபிள்களை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் தயாரித்து அச்சகங்களுக்குக் கொடுப்பவர் ராணி. அதற்கு முன் பத்து வருடம் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வந்தவர். கணவர் கருப்பசாமிக்கு இன்னமும் அங்கேதான் வேலை, பேக்கிங் பிரிவில். தெரிந்தவர் ஒருவர் விபத்தில் போன பிறகு, 'பட்டாசு மருந்து கலக்கும் ரூமுக்கு இனிமேல் போகமாட்டேன்' என்று இருக்கன்குடிக் கோயிலில் வைத்துக் கணவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார் ராணி.

"தானா அணைஞ்சுருதுண்ணே" என்று கூப்பிட்டார். நான் போனபோது சிபியுவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அது ஓடியது.

"இப்படி அடிச்சா உள்ள இருக்கறது கழண்டுரும் தங்கச்சி."

"கழலாத பதத்துலதான்ணே அடிக்கேன்."

மெமரியைக் கழற்றி, அதன் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கேட்டார். வயசான பெட்டி, சொல்ல முடியாது என்றேன். ராணியின் சிரிப்பு நின்றுவிட்டது. "இது போயிருச்சுன்னா நான் திரும்ப வேன்லதாண்ணே ஏறணும்."

தும்மல்

இடையில் ஒரு நாள் விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் வியாபாரியின் வீடு. கம்ப்யூட்டர் கொதிக்கிறது என்றார்கள். மூடியைத் திறந்து, தூசியை ஊதித் தள்ளும் ப்ளோயரை வைத்தேன். அவ்வளவுதான், சிவப்பாக ஒரு புகை கிளம்பியது. குடோனிலிருந்து வரும் ஆட்களின் உடுப்பிலிருந்தே அம்புட்டு மிளகாய்த் தூளையும் உள்ளே இருந்த ஃபேன் இழுத்து வைத்திருக்கிறது. நான் தும்மினேன், வியாபாரி தும்மினார், அடுத்த தெருவிலும் யாரோ தும்மினார்கள்.

ஒரு வீட்டில் என்ன தொழில் நடக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டாம், சிபியுவைத் திறந்தால் போதும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கம்ப்யூட்டரை வேறு அறைக்கு மாற்றுங்கள் என்றேன். வியாபாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டு மருமகளே ஒரு மாசத்துல பழகிட்டா, இந்தப் பெட்டிக்கு மட்டும் என்ன நோவு?"

வெள்ளி நிறத்தில் ஒரு படலம்

ராணி மறுபடி கூப்பிட்டார். இந்த முறை தட்டினாலும் ஓடவில்லை. ப்ளோயரை ஒரு கையில் வைத்துக்கொண்டு சிபியுவைத் திறந்தவன், ஊதாமலே ப்ளோயரைக் கீழே வைத்துவிட்டேன். ஃபேன் இறக்கைகளில் மெல்லிசாக, வெள்ளி நிறத்தில் ஒரு படலம். அலுமினியப் பொடி. மருந்து கலக்கும் ரூமில் புழங்குவது. மோட்டார் ஓடும் எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது, ஒரு பொறி போதும் என்பது இந்த ஊரில் யாருக்கும் தெரியும். மேஜைக்கு மேலே ஆணியில் கருப்பசாமியின் சட்டை தொங்கியது. ராணி அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டினேன். கருப்பசாமி பின்னாலேயே வந்தார். பிரஷ்ஷை அவரிடம் காட்டினேன்.

"பேக்கிங்னு சொன்னீக?"

"மருந்து ரூமுக்குப் போனா கூலி கூட வரும்ணே. சீசன் முடியுததுக்குள்ள அவளுக்குப் புதுப் பெட்டி ஒண்ணு வாங்கிரலாம்னு பாத்தேன். அவ வேன்ல ஏறக்கூடாது, அம்புட்டுத்தான்."

புதுசா, பழசா?

நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் கேள்விதான் பெரிய தலைவலி. 'புதுசு வாங்குங்கள்' என்று சொல்லிவிட்டு வருவது சுலபம். அன்றைக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, உள்ளங்கை அகலத்துக்கு வரும் புது மாதிரி டிஸ்க் ஒன்றைப் போட்டேன். மெமரியை இரட்டிப்பாக்கினேன், ஃபேனை மாற்றினேன். அஞ்சு நிமிஷம் எடுத்துத் திறந்த திரை அரை நிமிஷத்தில் திறந்தது. லேபிள் வேலைக்கு இதுவே நாலு வருடம் தாங்கும், புதுசு தேவையே இல்லை என்று கருப்பசாமிக்குக் கேட்கும்படி இரண்டு தடவை சொன்னேன். அவர் தலையாட்டினார். தலையாட்டுவதை எப்படி நம்புவது? ராணியிடம் சொல்லிவிடுவதா, சொல்லாமல் போவதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கடைசியில் ராணிக்கு மூடியைத் திறக்கக் கற்றுக் கொடுத்தேன். எந்த ஸ்க்ரூ, பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது, எல்லாம். "மாசத்துக்கு ஒருக்கா வாசல்ல வச்சுத் துடைங்க. வீட்டுத் தூசின்னா சாம்பலா இருக்கும். வேற நிறத்துல இருந்தா…" என்று இழுத்தேன். ராணி என்னைப் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "பத்து வருசம் கம்பெனியில இருந்தவண்ணே நான். எனக்கு நிறம் சொல்லித் தரணுமா?"

பிரஷ்ஷில் வந்தது

இரண்டு மாதம் போனில் சத்தமே இல்லை. பெட்டி ஓடுகிறது என்று எடுத்துக்கொள்வதா, அந்த வீட்டில் வேறு ஏதாவதா என்று ராத்திரி மெஷின் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் யோசனை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார், கீபோர்டில் ஒரு எழுத்து அமுங்கவில்லையாம். போனேன். கீபோர்டை யாரும் கண்டுகொள்ளவில்லை. ராணி வாசலில் செய்தித்தாளை விரித்து, சிபியுவைத் திறந்து, பிரஷ்ஷால் தட்டிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி தூசி, இரண்டு தலைமுடி, ஒரு கொசு. விரலால் தொட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மினுமினுப்பு கொஞ்சம்கூட இல்லை.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த கருப்பசாமி தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "நீங்க மாசம் ஒருக்கான்னு சொன்னீக, இவ வாரா வாரம் தெறக்கா அண்ணே. போலீஸ் தோத்துரும்."

கம்ப்யூட்டருக்குள் வெறும் தூசிதான் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் வரை அடித்துப் போட்டதுபோலத் தூங்கிய ஒரே ரிப்பேர்காரன் நானாகத்தான் இருப்பேன்.