ஆலந்தலை விலக்கில் நின்ற படம்

சவரி அண்ணாச்சிக்கு உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, பார்த்து வரலாமென்று போன வாரம் ஆலந்தலை விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை. பதநீர்க் கடை நிழலில் கொஞ்சம் உட்கார்ந்தேன். பக்கத்தில் நாலைந்து பையன்கள், கூட ஒரு பெண். பெரிய பெரிய மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிட்டு, போன ஊர், போகப்போகிற ஊர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு வெளிநாட்டுப் படத்துக்குத் தாவியது.

“கீழ ஓடுத எழுத்த வாசிக்கதா, மூஞ்சியப் பாக்கதா?” என்றான் ஒருவன்.

“எழுத்து ஓடுத வேகத்துல உன் வண்டி ஓடிருந்தா போன வருசமே லடாக் போயிருப்போம்ல” என்றான் இன்னொருவன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். சூடான இன்ஜினிலிருந்து பெட்ரோல் வாசனை அடித்ததும் எங்கள் வீட்டுக்காரர் நினைவு வந்துவிட்டது.

அவரும் சவரி அண்ணாச்சியும் துறைமுகத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். கப்பல்காரர்களுக்கென்று அங்கே ஒரு கிளப் இருந்தது. சனிக்கிழமை வெளிநாட்டுப் படம் போடுவார்கள். இவர்களும் ஓரமாக நின்று பார்ப்பார்கள். கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். இரண்டு பேருமே எட்டாவதுதான். நான் அஞ்சாவது, குறை சொல்ல எனக்கென்ன யோக்கியதை. ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி, மேரி அக்காவோடு ஆலந்தலைக்கு மாமியார் வீட்டுக்கு வருவார். நாங்கள் குலசேகரன்பட்டினத்தில் இவருடைய அக்கா வீட்டுக்குப் போவோம். இரண்டு பேருடைய மோட்டார் சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில், சைக்கிளைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகும். முதல் நாள் பார்த்த படத்தைக் காற்றுக்கு மேலே கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டு வருவார்கள். இவர் ஒன்று சொன்னால் அண்ணாச்சி இல்லை என்பார். மேரி அக்கா பின்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். நான் காது கொடுக்க இவர் முதுகில் சாய்வேன். பயப்படுகிறேன் என்று நினைத்து, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வார் இவர். கதை கேட்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கம்.

கல்யாணமாகிச் சில வருஷம் பிள்ளையில்லை. மாமியார் பேச்சு தாங்க முடியாமல், வேம்பாருக்கு அம்மா வீட்டுக்கே போய்விடலாமென்று துணிமணியை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் இவர் சொன்ன படத்தில், பனி கொட்டுகிற ஊரில் ஒரு பெண். புருஷன் அதிகம் பேசாதவன். அவன் வேலைக்குப் போனபின் அவள் பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போகிறாள். ரயில் வருகிறது. அவன் ஓடி வருகிறான். அண்ணாச்சி அன்றைக்கு ஒரு இடத்திலும் மறுத்துப் பேசவில்லை. விலக்கு வந்தது, அவர் வண்டி திரும்பிவிட்டது. எங்கள் வண்டியில் அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

அவள் ஏறினாளா, இல்லையா? கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அடுத்த ஞாயிறு தெரிந்துவிடும், அதன்பிறகு கிளம்பலாம் என்றிருந்தேன். அடுத்த ஞாயிறு வேறு படம். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. ஒரு மழைக்குப் பிறகு பெட்டித் துணியை வெயிலில் காயப் போட்டவள், திரும்ப அடுக்கவில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள். மாமியார் போனாள், மேரி அக்கா போனாள், இவரும் போய்விட்டார்.

வேலை ஓய்ந்தபின் மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்ட அண்ணாச்சி, கட்டிலில் சுருண்டு கிடந்தார். ஆனாலும் என்னை அடையாளம் தெரிந்தது. இனி எப்போது வரப்போகிறோம் என்று தோன்றியதால், அந்தப் படத்தின் முடிவைக் கேட்டே விட்டேன்.

“அப்படி ஒரு படமே கெடையாது மதினி. அந்த வாரம் நாங்க பாத்தது கப்பல் சண்டப் படம். இவன் பெட்டிங்கான், ரயிலுங்கான். என்னலேன்னு திரும்பிப் பாத்தேன். சும்மா வாலேன்னு கண்ணக் காட்டினான்.”

“முடிவு?”

“அத உங்ககிட்டல்லா கேட்டுக்கிட்டு வந்தான்.”

விலக்குக்குத் திரும்பி வந்தபோது பையன்கள் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டுக்கு உள்ளேயே பேசிக்கொள்ள மைக் இருக்கிறதாம், பதநீர்க்காரர் சொன்னார். ஒருவர் பின்னால் ஒருவராகப் போனார்கள். கடைசி வண்டியில் அந்தப் பெண் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் என்ன பேசினார்களோ, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இந்தச் சாலையில் இப்போது இரண்டு வண்டி சேர்ந்தாற்போல் மெதுவாகப் போனால் லாரிக்காரன் விடமாட்டான்.

பஸ் வரக் காணோம். அவள் ஏறவில்லை என்று சொல்ல, அப்போது எனக்கு முன்னால் ஒரு முதுகு இருந்தது.