வெடித்த நட்சத்திரத்தின் மிச்சமும் மேனேஜரின் கலர் பிலிமும்

இருட்டு என்ற ஒரே சாமானை நம்பி நடக்கும் தொழில் என்னுடையது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எது வேண்டுமானாலும் கிடைக்கும், அது மட்டும் கிடைக்காது. திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு ரிசார்ட்டின் மொட்டைமாடியில் விருந்தாளிகளுக்கு டெலஸ்கோப்பில் வானம் காட்டிக்கொண்டிருந்தேன். நல்ல சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு 'இவ்வளவுதானா?' என்று பேச்சு வாங்கியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

சாவி

எட்டாவதோடு நின்றவன் நான். ரிசார்ட்டில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளத்தான் சேர்ந்தேன். டெலஸ்கோப்பைப் பொருத்த வந்தவர்கள் அதைத் திருப்பவும் துடைக்கவும் யாருக்காவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மொட்டைமாடி சாவி உங்ககிட்டதானே இருக்கு? அப்ப டெலஸ்கோப்பும் உங்களுதுதான்."

இவ்வளவுதானா

நிலாவும் சனியும் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்குப் பிடித்தது வேறு. தை, மாசி மாதங்களில் விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்துக்குள் ரிஷப நட்சத்திரக் கூட்டத்தின் கொம்பு நுனி உச்சிக்கு வந்துவிடும். அதற்குப் பக்கத்தில், என்றோ வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சம் இருக்கிறது. நண்டு நெபுலா என்பார்கள். அது வெடித்த வெளிச்சம் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பூமிக்கு வந்தபோது பட்டப்பகலிலேயே தெரிந்ததாம். இப்போது, விபூதி தொட்ட விரலை ஒரு தரம் இழுத்த மாதிரி ஒரு தீற்றல். அதைப் பார்க்க முறை இருக்கிறது. முதலில் பத்து நிமிஷம் இருட்டில் சும்மா உட்கார வேண்டும். பிறகும் நேராக முறைத்தால் மறைந்துவிடும். பார்வையைக் கொஞ்சம் ஓரமாகத் திருப்பினால்தான் தெரியும்.

சிறுசேரியிலிருந்து ஒரு ஆபீஸ் கூட்டம் வந்தது. பதினான்கு பேர், பதினான்கு போன். உட்காருங்கள் என்றேன், உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் போனைத் திறந்தார்கள். ஒவ்வொரு முகத்திலும் நீல வெளிச்சம். அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில் பார்த்த பையன் கண்ணை எடுத்துவிட்டு, போனில் இருந்த அதே நெபுலாவின் செக்கச்செவேல் படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினான். கேமரா மணிக்கணக்காக வெளிச்சத்தைச் சேர்த்து எடுத்த படம் அது, கண்ணுக்கு அந்த நிறம் எட்டாது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு சொன்னான்: "சரி அங்கிள், லென்ஸை ஒரு தடவை தொடைச்சிட்டுக் காட்டுங்க."

மாப்பிள்ளை வெளிச்சம்

கீழே புல்வெளியில் ஒரு கல்யாண வரவேற்பு. வானத்தைக் குத்துகிற சுழல் விளக்கு ஆறு வைத்திருந்தார்கள். அதில் ஒன்று சரியாக ரிஷபத்தின் மேலேயே போய்ப் போய் வந்தது. அன்று மாடியில் ஏழு பேர் காத்திருந்தார்கள். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவன் நான். அன்று படியிறங்கிப் போய் லைட்டு போடுகிறவரிடம் கேட்டேன். அந்த ஒரு விளக்கை மட்டும் பத்து நிமிஷம் நிறுத்த முடியுமா?

"எதுக்கு?"

மேலே ஒரு நட்சத்திரம் வெடித்த இடம் இருக்கிறது, அதைக் காட்ட வேண்டும் என்றேன். வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டு அவர் சொன்னார்: "இன்னா அண்ணாத்த, செத்துப்போன ஸ்டாருக்கோசரம் உசுரோட கீற மாப்ளைய இருட்டுல நிக்க வெக்கச் சொல்றியா?"

பவர்ஃபுல் மெஷின்

சிறுசேரிக் கூட்டம் ஊருக்குப் போய் நெட்டில் ரிசார்ட்டுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதிவிட்டது. மேனேஜர் ரிசார்ட் விளக்குகளை அணைக்கவில்லை. வேறு வழி கண்டுபிடித்தார். அந்தச் சிவப்புப் படத்தைப் பொட்டு அளவுக்குக் கண்ணாடி பிலிமில் அச்சடித்து, கண் வைக்கும் துண்டுக்குள் பொருத்தச் செய்தார். குழாய்க்குள் ஒரு குட்டி பல்பு. "இனிமே இதுதான். இஷ்டமில்லைன்னா சாவியை வச்சிட்டுப் போங்க" என்றார்.

பல்பைப் போட்டேன். அன்றிலிருந்து டெலஸ்கோப் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் நண்டு நெபுலாதான். கோபத்தில் நான் டெலஸ்கோப்பின் மூடியைக் கழற்றுவதையே விட்டுவிட்டேன். ஒரு நாள் வானம் முழுக்க மேகம், தூறல் வேறு. செங்கல்பட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று பார்த்தது. மூடி போட்ட குழாயில் கண்ணை வைத்துவிட்டு அந்த வீட்டுக்காரர் என் தோளைத் தட்டினார்: "மழையிலயே இவ்ளோ க்ளியரா கீதே! செம பவர்ஃபுல் மெஷின் சார் இது."

கரண்ட் போன மாலை

மாசியில் ஒரு நாள் ஏழரை மணிக்கு சப்ஸ்டேஷன் டிரான்ஸ்பார்மர் பெரிய சத்தத்தோடு போயிற்று. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. கோவளம் பக்கம்வரை கரை முழுக்க இருட்டு. அறையில் புழுக்கம் தாங்காமல் விருந்தாளிகள் மாடிக்கு வந்தார்கள். நான் பிலிமைப் பிடுங்கினேன், பல்பைப் பிடுங்கினேன், மூடியைக் கழற்றினேன். ரிஷபத்தின் கொம்புக்குத் திருப்பினேன். இருந்தது. அப்படியே இருந்தது.

முந்தின நாள் பிலிம் பார்த்துப் போனவர் முதலில் வந்தார். "நேத்து கலர்ல இருந்துச்சே? சரி, கரண்ட் வந்ததும் காட்டுங்க" என்றார். "நேத்து நீங்க பாத்தது பிலிம் சார். மூடி போட்டிருந்துது. இதுதான் நட்சத்திரம்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அவ்வளவு சத்தமாக நான் பேசி எனக்கே கேட்டதில்லை. அவர் விடுவிடுவென்று இறங்கிப் போனார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். ஐந்து நிமிஷத்தில் மேனேஜர் டார்ச்சோடு வந்து, வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தபடியே, காலையில் சாவி மேஜைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறைகளைக் கூட்டிப் பெருக்கும் மல்லிகா மட்டும் தண்ணீர் கேனோடு நின்றிருந்தாள். விருந்தாளிகள் பார்க்கும்போது அவளுக்குப் பார்க்க அனுமதி கிடையாது. இப்போது விருந்தாளியே கிடையாது. உட்காரச் சொன்னேன். கண் பழகியதும் குனிந்தாள். பிறகு குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "நேராப் பாத்தா ஓடிப் பூடுதுண்ணா, ஓரமாப் பாத்தா வந்து நிக்கிது. உன்னாட்டமே கூச்சம் புடிச்ச ஆளு போலக்குது."

காலையில் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மூடியைக் கழற்றாமலே வானம் காட்டுகிற மெஷினுக்கு, மாடிக் கதவைத் திறக்க மட்டும் இப்போது ஆள் தேடுகிறார்களாம்.